சக்கையில் ஊற்றிய வெந்நீர்

விரல் நுனியில் ஊசி இறங்கியபோது வெங்காய அக்கா முகம் சுளிக்கவில்லை. "எடுங்க டாக்டரம்மா. எங்கிட்ட இருக்குத ரத்தம் கொசுவுக்கே காணாது" என்றாள். பாவூர்சத்திரம் சந்தையில் அவளோடு வெங்காயம் தரம் பிரிக்கும் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். தென்காசியில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்த நான்தான் அந்தத் துளியைக் கருவியில் வைத்து எண் பார்த்தேன். ஹீமோகுளோபின் எட்டைத் தொடவில்லை.

டாக்டரம்மா என்பவர் குற்றாலத்தில் தனியாக வாழ்ந்த சித்த மருத்துவர். முருங்கையிலையும் கரிசலாங்கண்ணியும் நிழலில் உலர்த்தி, நெல்லிவற்றலும் சுக்கும் சேர்த்து, ரத்தசோகைக்கு ஒரு மூலிகைத் தேநீர் உருவாக்கிக்கொண்டிருந்தார். சாரல் காலத்தில் இலை காயாது. பூஞ்சை பிடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவார். "நாக்கு ஒத்துக்கிட்டாத்தான் ரத்தம் ஒத்துக்கிடும்" என்று சொல்லி, கசப்பு குறையும்வரை மாதக்கணக்கில் தானே குடித்துப் பார்த்தார். ருசி எப்படி என்று கேட்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. நான் போகிற நாளுக்காகக் காத்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்லியே அந்தப் பெண்களுக்குத் தேநீர்ப் பொட்டலங்களைக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண் அசையவே இல்லை. மறுநாள் டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா தேநீரைக் காய்ச்சி, புருஷனுக்கு, மாமியாருக்கு, மகனுக்கு, அப்புறம் வந்த விருந்தாளிகள் எங்களுக்கு என்று ஊற்றினாள். கடைசியில் சக்கையில் வெந்நீர் விட்டுத் தான் குடித்தாள். அவள் மருந்தை நாங்களும்தான் குடித்துவிட்டிருந்தோம்.

"ஏட்டி, இது ஒனக்குள்ள மருந்துல்லா?"

"வீட்டு ஆளுக்குக் குடுக்காம நான் எப்படி மொதல்ல குடிக்க? சக்கையிலயும் சத்து இருக்கும்லா டாக்டரம்மா?"

விசாரித்தால் மற்ற வீடுகளிலும் இதே கதைதான்.

அதன்பின் டாக்டரம்மாவே காலையில் பிளாஸ்கோடு சந்தைக்குப் போனார். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை கேட்பார். அடுத்த சோதனையில் அக்காவின் எண் பத்தைத் தாண்டியது. நான் துள்ளினேன். அவரோ, "நான் பக்கத்துல இருக்கேன்னு மாத்திரையையும் ஒழுங்கா போட ஆரம்பிச்சிட்டாளுவ. ஏறுனது எதுனாலன்னு எப்படிச் சொல்ல?" என்றார். பொட்டலத்தின் மேல் 'மருந்து' என்று அவர் கடைசிவரை எழுதவில்லை.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டிலும் இப்போது நான் ஒருத்திதான். அவர் சொன்ன பக்குவத்தில் காய்ச்சுகிறேன். அன்று அக்காவைப் பார்த்து மனசுக்குள் சிரித்த நானும் புருஷன் இருந்தவரை அப்படித்தான் குடித்தேன். இப்போது முதல் டம்ளர் எனக்குத்தான். திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பங்குக்கு ஆளில்லை, அவ்வளவுதான்.