களிம்புப் பொட்டு

என் மனைவியின் பொட்டு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கல்யாணமான புதிதில் மிளகு அளவு இருந்தது. பிள்ளைகள் படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போனபோது பட்டாணி அளவு ஆகியிருந்தது. போன வருஷம் எட்டணாக் காசு அளவு. இப்படியே போனால் நெற்றியில் தோசையே ஊற்றலாம் என்று ஒரு நாள் கேலி செய்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் குறைச்சல் இல்லை, உடனே பதில் வரும் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே காரணம் தெரிந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் பொட்டு இல்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவே பால் சொட்டு விழுந்து காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம். என்னைப் பார்த்ததும் கையால் மூடிக்கொண்டாள்.

நான் கணபதி என்கிற பகுதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடையின் இரைச்சல் மோட்டாரிலிருந்து மட்டும் வருவதில்லை என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கும் முதலில் கத்தினேன், பிறகுதான் விசாரித்தேன். எப்போதோ சின்னப் புள்ளியாக வந்திருக்கிறது. மறைக்க அதைவிடப் பெரிய ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியிருக்கிறாள். அடியில் வெள்ளையும் வளர்ந்திருக்கிறது. மறுபடி அதைவிடப் பெரியது. இத்தனை வருஷமாகவா என்று கேட்டால், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்திருக்கிற மனுஷனிடம் போய் நெற்றிப் புள்ளியைச் சொல்லிக்கொண்டிருப்பார்களா என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். அதற்கு முந்தின ஆடியில்தான் எனக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்கும் முந்தின வருஷங்களுக்கு அவளிடம் கணக்கு இல்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையுறை எதுவும் போடாமல் என் மனைவியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். எனக்கு அதுவே பிடித்துப்போனது. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, நீல வெளிச்சம் விடுகிற ஒரு சின்ன விளக்கை நெற்றிக்கு நேரே பிடித்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி அந்த வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டிக்கரின் பசையில் இருக்கிற ஒரு ரசாயனம்தான் வேலையைக் காட்டியிருக்கிறது என்றார் டாக்டர். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களை அது கெடுத்துவிடுமாம். கெட்டுப்போனதைப் பார்த்து உடம்பின் காவல் செல்கள் குழம்பி, மிச்சம் இருப்பவற்றையும் அடிக்கத் தொடங்கிவிடுமாம். வாட்ச்மேனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற கதை என்று நான் புரிந்துகொண்டேன். முன்பெல்லாம் இதற்குச் செய்வதற்கு அதிகம் இல்லை. இப்போது ஆராய்ச்சிகள் நிறைய நடந்து, அந்தக் காவல் செல்களைச் சமாதானப்படுத்தும் களிம்புகள் வந்திருக்கின்றன, நிறம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் மாசக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றார். கூடவே ஒரு நிபந்தனை. நெற்றியில் ஒன்றுமே வைக்கக் கூடாது. ஸ்டிக்கர் கூடவே கூடாது. குங்குமத்திலும் சாயம் கலக்கிறார்கள், அதனால் சோதித்துப் பார்க்கிற வரைக்கும் அதுவும் வேண்டாம்.

"சரிங்க" என்றாள் என் மனைவி.

எங்கள் பக்கத்தில் ஒருவர் சரிங்க என்று சொன்னால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். செய்வார்கள் என்று அர்த்தம் இல்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதை இல்லையே. டாக்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர், பாவம், அதை நம்பிவிட்டார்.

அடுத்த தடவை போனபோது வெள்ளை அப்படியே இருந்தது. ஓரத்தில் சிவந்து தடித்தும் இருந்தது. களிம்பைத் தடவி, அதன் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அங்கேயே எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எல்லாம் பழக்கதோஷம் என்று நான் ஆரம்பிக்க, டாக்டர் என் பக்கம் லேசாகக் கை காட்டி நிறுத்தினார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இதில் உங்களுக்கு எதும்மா கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டார். புள்ளி எத்தனை பெரிது என்று அளந்தால் மட்டும் போதாது, அதோடு இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதும் வைத்தியம்தான் என்று இப்போதைய ஆராய்ச்சியில் சொல்கிறார்கள், அதனால் தயங்காமல் சொல்லுங்கள் என்றார்.

அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க. இந்த நேரத்துல நான் வெறும் நெத்தியோட நடமாடுனா, இவருக்கு ஏதாச்சும்..." அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். "எம்மூஞ்சி எப்படிப் போனா என்னங்க?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் உயிரைத் தன் நெற்றியில் ஒட்டி வைத்துக்கொண்டு இவள் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் தோசை ஊற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. இந்தக் காலத்தில் போய் இதையெல்லாம் நம்புவார்களா என்று பாடம் எடுக்கவும் இல்லை. வெளியே எத்தனையோ பேர் காத்திருந்தார்கள், அந்தப் பெண் அவசரமே படவில்லை. என்ன செய்தால் உங்களால் இது முடியும் என்று மட்டும் கேட்டார். என் மனைவி யோசித்தாள். பிறகு தாடையால் என்னைக் காட்டினாள்.

"இந்த மருந்தை இவரே வெச்சு உட்டாருன்னா இருந்துக்குவேனுங்க. தாலி கட்டுன அன்னைக்குப் பொட்டு வெச்சது இவருதானுங்களே."

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. என் நகக்கண்ணில் எந்நேரமும் கிரீஸ் இருக்கும். காலையில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவேன். அவள் சமையலறை ஜன்னலோரம் வந்து நின்று கண்ணை மூடிக்கொள்வாள். மோதிர விரலில் ஒரு துளி களிம்பு எடுத்து வைத்து, மெல்லத் தேய்த்து விடுவேன். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கிற மாதிரி அப்பாதீர்கள் என்று முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் இன்னொரு தடவை. ஒரு நாள் நேரம் தவறினால் கடைக்கே போன் வரும். கல்யாணத்தன்று அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற மாதிரியேதான் இப்போதும் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் வீட்டை விட்டு மட்டும் அவள் எங்கேயும் போகவில்லை. காய்கறிகூட நான்தான் வாங்கி வந்தேன், அதற்குத் தனியாகத் திட்டும் வாங்கினேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வெள்ளைக்குள்ளே பழுப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்தத் தைரியத்தில்தான் வெள்ளகோவிலில் அவளுடைய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வர ஒத்துக்கொண்டாள். தலைக்குப் பூ மண்டபத்திலேயே கொடுப்பார்கள் என்று வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தாலிச் சரடு சேலைக்குள்ளே இருந்தது. அவளை வாசலில் இறக்கிவிட்டு நான் காரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தால், வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறாள். கையில் ஒரே ஒரு கற்கண்டு.

வரவேற்பில் நின்ற பெண் பன்னீர் தெளித்திருக்கிறாள், கற்கண்டு கொடுத்திருக்கிறாள். நெற்றியைப் பார்த்ததும் குங்குமத்தையும் பூவையும் மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, மரியாதையாக உள்ளே வாருங்கள் என்றிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மண்டபமே தாங்காது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண், அதற்கு என்ன தெரியும் என்றாள். சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்தாள். உள்ளே களிம்பு டியூபும் இருந்தது, பழைய ஸ்டிக்கர் அட்டையும் இருந்தது. அவள் கை அட்டையைத்தான் எடுத்தது.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுமுங்க" என்றாள்.

மாசக்கணக்கில் காத்திருந்து வந்த பழுப்புப் புள்ளிகள். நான் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். டியூபைத் திறந்தேன். விடிவதற்கு முன்பே கிளம்பிய அவசரத்தில் அன்றைக்குக் களிம்பு வைக்கவே இல்லை. வருகிறவர்களும் போகிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மண்டப வாசலில், மோதிர விரலால் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமையின் ஓரம் நனைந்திருந்தது. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் போனேன்.

"கண்ணு, அம்மாவுக்கு நெத்தியில மருந்து போட்டிருக்குது, குங்குமம் வேண்டாம். பூ மட்டும் குடு சாமி" என்றேன். நான் அத்தனை மெதுவாகப் பேசி என் மனைவியே கேட்டதில்லை. அந்தப் பெண் தவித்துப்போய் இரண்டு முழம் எடுத்துக் கொடுத்தாள்.

போன மாதம் டாக்டர் மறுபடி விளக்கை அணைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. களிம்பை நிறுத்திவிடலாம், கையில் தடவிச் சோதித்த குங்குமத்தை வைத்துக்கொள்ளலாம், ஸ்டிக்கர் மட்டும் ஆயுசுக்கும் வேண்டாம் என்றார். என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் நான் கை கழுவிவிட்டுத் திரும்பினால், குங்குமச் சிமிழோடு ஜன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா அம்மணி, இத்தனை மாசம் பொட்டில்லாம இருந்துபோட்ட. நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்."

அவள் கண்ணை மூடியபடியே நெற்றியை நீட்டினாள்.

"பொட்டில்லாம நான் எப்பங்க இருந்தேன்?"