சங்கு குளிப்பவரின் கன்னம்

வாய்ப்புற்றை வெட்டி எடுப்பது எங்கள் தொழிலில் பாதி வேலைதான். வெட்டிய குழியை எதைக் கொண்டு மூடுவது என்று முழிப்பது மீதிப் பாதி. ஆஸ்பத்திரி பெஞ்சில் துணைக்கு உட்கார்ந்து முதுகு வலித்தவர்களே, கதவுக்கு உள்ளே எங்களுக்கும் கொஞ்சம் வலிக்கும். வெளிநாட்டில் நெடுநாள் கத்தி பிடித்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியவன் நான். இங்கே பார்த்தவர்களில் ரோச் ஒருவரை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி

ரோச் சங்கு குளிப்பவர். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்து, உதட்டை இறுக்கி, கண்ணையும் மூக்கையும் மூடும் முகக்கண்ணாடியோடு கடலுக்கடியில் போவார். மேலே வந்தால் வலது கன்னத்தில் புகையிலையை அடக்குவார். புண் வந்ததும் அதே கன்னத்தில்தான்.

கட்டியோடு கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்றேன். இந்த இடத்தில் எல்லோரும் "பிழைப்பேனா" என்றுதான் கேட்பார்கள். ரோச் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "குழாய் கடிச்சா உதடு மூடுமா சார்? மூடலேன்னா கரையில இருந்து நான் என்ன செய்ய?"

எந்தக் கை

அவ்வளவு பெரிய குழியை மூட நெஞ்சுதான் கைகொடுக்கும். நெஞ்சுத் தோலை அடித்தசையோடு சேர்த்து, ரத்த ஓட்டம் அறாமல் கிளப்பி, காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துத் தோலுக்கு அடியில் நுழைத்து வாய்க்குள் கொண்டுபோய்த் தைப்போம். புண் இருக்கும் பக்கத்து நெஞ்சுதான் சரியாக எட்டும். அந்தப் பக்கத்துக் கையில் கொஞ்சம் பலம் குறையும்.

ரோச் சங்கு பொறுக்குவது வலது கையால். இடது நெஞ்சில் எடுக்க முடியாதா என்று கேட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கித்தேரிதான் பேச்சை முடித்தாள்: "கை ரெண்டு இருக்கு. வாய் ஒண்ணுதான வச்சிருக்காவ. வாயைப் பாருங்க சார்."

கடைவாய்

தியேட்டரில் திறந்து பார்த்தால் கட்டியின் ஓரம், இரண்டு உதடும் சேரும் கடைவாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. கடைவாயை விட்டுவைத்து நோயும் மிஞ்சிவிட்டால் ஆள் போய்விடுவார். அதையும் சேர்த்து எடுத்தால் உதடு இனி மூடாது. ஓரச் சதையைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே கித்தேரி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள் என்று தெரியும்.

ஓரம் சுத்தம் என்று போன் வந்தது. கடைவாய் தப்பியது. எதிரே நின்ற சிஸ்டர் ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்பவாவது மூச்சு விடுங்க சார். அவருக்கு மெஷின் விடுது, உங்களுக்கு யாரு விடுவா?"

உள்ளே முளைத்தது

நெஞ்சுத் தோல் கன்னத்துக்குள் குடிபோனாலும் பழைய குணத்தை விடாது. தையல் ஆறியபின் ஒருநாள் ரோச் வார்டிலிருந்து கண்ணாடியும் கையுமாக வந்து வாயைத் திறந்து காட்டினார். உள்ளே கருகருவென்று முடி. கதிர் சிகிச்சை கொடுக்கும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடும், அதுவரை கத்தரித்துவிடலாம் என்றேன்.

"நெஞ்சுல முளைச்சா ஆம்பளைங்காவ, வாயில முளைச்சா என்ன சொல்லுவாவ?" என்று அவர் முனங்கினார். கித்தேரி சேலைத் தலைப்பால் சிரிப்பை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "இவிய இனி என்ன பேசினாலும் நெஞ்சுல இருந்துதான் பேசுதாவன்னு ஊருக்குச் சொல்லிக்கிடுதேன்."

கறுப்புக் குழாய்

உதட்டுப் பயிற்சிக்கு ஸ்ட்ரா கொடுத்தோம். உறிஞ்சிய தண்ணீர் கடைவாய் வழியாகவே ஒழுகியது. ரோச் ஸ்ட்ராவை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கித்தேரி படகிலிருந்து ஒரு துண்டுக் கறுப்புக் குழாயை அறுத்து, சோப்பு போட்டுக் கழுவிக் கொண்டுவந்தாள். அதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். தினமும் வராந்தாவில் குழாயைக் கடித்தபடி நடந்தார். கடைசியில் ஒருநாள், குழாயின் மறுமுனையைக் கித்தேரி மேலே தூக்கிப் பிடித்திருக்க, வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சு விட்டார். ஓடிவந்த சிஸ்டர் போட்ட சத்தத்தை அவர் காதில் வாங்கவில்லை. நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "சொட்டு உள்ள வரல சிஸ்டர்."

கம்ப்ரசர் உத்தியோகம்

கதிர் சிகிச்சை முடிந்தது. நான் சொல்லும்வரை கடலில் இறங்கக் கூடாது, வேண்டுமானால் படகில் உட்கார்ந்து கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். போன மாதம் சோதனைக்கு வந்தார். வாயும் சுத்தம், கழுத்தும் சுத்தம். ஆனால் இரண்டு கண்ணையும் மூக்கையும் சுற்றி, முகக்கண்ணாடி அழுத்திய தடம் வட்டமாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன். ரோச் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். கித்தேரி பதில் சொன்னாள்: "கம்ப்ரசர் பாக்க முகக்கண்ணாடி எதுக்குன்னு நானும் கேட்டேன் சார். கண்ணுல புகை அடிக்குதாம்."

மூடுகிற வாயைச் செய்து கொடுக்க எனக்கு வந்துவிட்டது. அதைத் திறந்து நிஜத்தைச் சொல்லவைக்கிற ஆபரேஷன்தான் எந்த நாட்டிலும் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.