வயிற்றுக்குள் உப்பு விளைந்த கோடை

சித்திரை வெயிலில் உப்பளத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உதட்டை நக்கினால், ஊறுகாய் தின்றதைப் போலிருக்கும். பள்ளி விடுமுறையில் அம்மா அப்பாவோடு நானும் அங்கே போவேன். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, வரப்பு, வானம். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. வேலைக்கு வரும் அக்காமார் பார்க்க "வெளிக்கு" உட்காருவதா? ரோஷக்காரனான நான் வந்ததை அடக்கினேன். வராமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். சில நாளில் வயிறு கல்லாகி, முக்கினால் கண்ணீர் மட்டுமே வந்தது.

உப்பளத்துப் பிள்ளைக்குக் காரணம் தெரியாதா? பாத்தியில் நீர் வற்றினால் உப்பு விளைகிறது, எனக்குள்ளும் அதேதான். "அம்மா, வயித்துல உப்பு வெளஞ்சிடுச்சும்மா!" என்று கத்தித் தெருவையே கூட்டிவிட்டேன்.

"அப்படியா? மூட்ட கட்டி லாரியில ஏத்திடுவமாடா?" என்ற அப்பா, சிரித்தபடியே குளியல் சோப்பை விரலளவு சீவத் தொடங்கினார். அந்தத் துண்டு எந்த வழியாக உள்ளே போகும் என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். நான் கட்டிலுக்கடியில் புகுந்தேன்.

"ஏங்க, அந்த சோப்ப கீழ வைங்க. புண்ணாயிடும். பயந்தா இன்னும் அடக்குவான்" என்ற அம்மா, என்னை வெளியே இழுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "வாந்தி இல்ல, ரத்தம் இல்ல, வயிறும் ஊதல. அதெல்லாம் இருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடலாம். இப்ப தண்ணி குடிக்கட்டும்."

பிறகு தண்ணீர், பப்பாளி, கீரை. காலையில் கூழ் குடித்ததும் வீட்டுக்குப் பின்னாலிருந்த சவுக்குத்தோப்பில் குந்தவைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். "வந்தா வரட்டும், வராட்டி நாளைக்கு. முக்காதடா." முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா சோப்பை எடுத்தெடுத்துப் பார்த்தார்.

ஒரு காலை, பேச்சுக்கு நடுவே, முக்காமலே நடந்தது. "வந்துட்ச்சிம்மா!" என்று கத்தியதில் தோப்புக் காக்கைகள் பறந்தன. அந்தச் சோப்பில் அன்று என்னைக் குளிப்பாட்டினார் அப்பா.

அத்தோடு, உப்பளத்தில் கழிகளை நட்டு, பழைய சாக்குகளைக் கட்டி எனக்கொரு மறைப்பும் போட்டுக் கொடுத்தாள் அம்மா. ஆனால் அதற்குள் முதலில் ஓடியவர்கள் அந்த அக்காமார்தான். அவர்களும் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தார்களாம்! நான் வரிசையில் கடைசி.

இப்போது அந்தத் தோப்பு இல்லை. ஒரு ரிசார்ட் வந்துவிட்டது. நீச்சல்குளத்தோரம் விருந்தினர்கள் ஆசையாய் நின்று செல்ஃபி எடுக்கிறார்களே, அந்தப் புல்தரை, என் கணிப்பில், சரியாக அதே இடம். புல் அங்கே மட்டும் நல்ல செழிப்பு.