தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கப்பலுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. அப்போதுதான், என் மகள் பிறந்தாள் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை என்று எனக்குத் தெரியவந்தது.

அம்மனை நம்பியிருக்கும் அன்பர்களே, நான் கும்பிட்டுப் பழகிய ஆள் இல்லை. ஹட்டனுக்குப் பக்கத்தில், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளராக இருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து பட்டம் வரை படித்தவன் என்பதால் மண்டைக்கனம் கொஞ்சம் கூடுதல். தோட்டத்து மக்களின் பேச்சையும் பெயர்களையும் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதி, மூன்று மரப்பெட்டி நிறைய அடுக்கி வைத்திருந்தேன். அந்த ஆராய்ச்சியை லண்டனில் ஒரு வருடம் தங்கி முடிக்க அழைப்பு வந்தது. குடும்பத்தையும் அழைத்துவரலாம் என்றார்கள்.

எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, மறுபக்கம் முடிக்காத கட்டுரை. பயண வேலை முழுவதையும் என் மனைவி சிவகாமியின் தலையில் கட்டிவிட்டேன். அவள் கம்பளிச் சட்டை பின்னினாள், மிளகாய்த்தூள் இடித்து டின்னில் அடைத்தாள். ஏழு வயது மகள் கமலாதேவி என் மேசையைச் சுற்றிச்சுற்றி வந்து, "லண்டன்லயும் கொழுந்து பறிப்பாங்களாப்பா?" என்று நச்சரிப்பாள். நான் தலை நிமிராமலே, "தவிட்டுக்கு வாங்கின புள்ளைக்கு வாயப் பாரு!" என்பேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டச் சொல்வதுதான். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

கடவுச்சீட்டுக்கு வேண்டிய தாள்களை எடுத்துவைக்கும் வேலை மட்டும் என்னுடையது. அதைத்தான் கடைசிவரை தள்ளிப்போட்டேன். எனக்கும் சிவகாமிக்கும் பிரஜாவுரிமைத் தாள் கையில் இருந்தது. தோட்டத்துச் சனத்துக்கு அந்த நாளில் அது எவ்வளவு பெரிய வரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் எடுத்தால் போதும். அது என்ன பெரிய காரியம் என்று நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன்.

பதிவுக் கந்தோரில் ஒரு சிங்களக் கிளாக்கர். பொறுமையான மனிதர். பெயர் வரிசை ஏட்டில் கமலாதேவி என்ற பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "மே நம நே, மாத்தயா." இந்தப் பெயர் இல்லை.

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே பதில்தான். பிள்ளை பிறந்தது டயகமப் பக்கம், சிவகாமியின் அண்ணன் இருந்த தோட்டத்தில். நான் அப்போது கொழும்பில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பெயரைக் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். நாற்பது நாள் கழித்துத்தான் பிள்ளை முகத்தையே பார்த்தேன். பிறப்பைப் பதியக் கொடுத்த மச்சான், பின்னால் இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

மூன்றாம் தடவை திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பேய்மழை. ஒதுங்கத்தான் கடைவீதி மாரியம்மன் கோயிலில் ஏறினேன். பக்தியால் இல்லை, பொய் சொல்லக்கூடாது. உள்ளே விளக்கு எரிந்தது. வேறு யாரும் இல்லை. என்ன ஆயிற்றோ, அம்மன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"தாயே, எத்தனையோ சொல்லுங்களச் சேத்து வச்சிருக்கேன். எம்மவளத் தேடி எடுக்க வேண்டிய ஒரு சொல்லு எங்கிட்ட இல்ல. நீ சொல்லு" என்று அழுதேன். விரிவுரையாளர் அழுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சிவகாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். பின்னிய சட்டையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. ரெண்டு புள்ளையக் குழிக்குள்ள வச்சவ நான். இவள ஒரு நாள்கூட விட்டுட்டு இருக்க மாட்டேன்" என்றாள்.

உண்மைதான். கமலாவுக்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, பிறந்த மாதமே போய்விட்டன. இவர்களை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? போகவில்லை என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அப்போது கமலா கதவருகில் நின்று கேட்டாள்.

"அப்பா, என்னயத் தவிட்டுக்கு வாங்குனதாலயா எம்பேரு அங்க இல்ல?"

நான் சிரிக்க வாயெடுத்தேன். சிவகாமியின் கையிலிருந்து சட்டை விழுந்தது.

"ஏங்க... அது நெசந்தாங்க."

ஏழு வருடம் மறைத்து வைத்ததை அவள் அழுதுகொண்டே சொன்னாள். மூன்றாவதும் போய்விடுமோ என்ற பயத்தில், பிள்ளை பிறந்த அன்றே தோட்டத்து மாரியம்மன் வாசலில் கிடத்தியிருக்கிறார்கள். அம்மன் சார்பில் பூசாரி தூக்கிக்கொண்டார். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு சுளகு அள்ளிக் கொடுத்து, அம்மனிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

"நீங்க படிச்சவரு, திட்டுவீங்கன்னு சொல்லல. அண்ணன் தவிட்டம்மான்னுதான் கூப்புடும். காயிதத்துலயும் அதையே குடுத்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

நான் எழுந்துபோய்ப் பெட்டியில் தேடினேன். அந்த அட்டை இருந்தது, என் கையெழுத்திலேயே. 'தவிட்டம்மாள்: முந்திய பிள்ளைகள் இறந்தபின் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்கு இடும் பெயர்.' ஊரெல்லாம் கேட்டு எழுதியவனுக்கு, தன் வீட்டில் ஓடித்திரிந்தது தெரியவில்லை. கோயிலில் நான் கேட்ட சொல்லை, அம்மன் என் வாயில் எத்தனை வருடமாக வைத்திருக்கிறாள்! வேடிக்கை என்று நினைத்து நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ். அந்தப் பெயரைச் சொன்னதும் கிளாக்கர் வேறு பக்கத்தைத் திருப்பினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

"மென்ன தியெனவா, மாத்தயா!" இதோ இருக்கிறது.

தவிட்டம்மாள். தகப்பன் பெயர் என் பெயர். தாய் பெயர் சிவகாமி. அந்த மேசைமீதே தலையைச் சாய்த்துக் கும்பிட்டேன். அந்த மனிதர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெயரை மாற்றி எழுத வழி இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. தவிட்டம்மாள் என்ற பெயரிலேயே மகள் கொழும்பில் கப்பல் ஏறினாள். லண்டன் பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு அந்தப் பெயர் நாக்கில் நுழையவில்லையாம். என்ன அர்த்தம் என்று கேட்டாராம்.

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன்.

"எங்க சாமிகிட்ட இருந்து வாங்குன புள்ளன்னு சொன்னேம்பா."

திரும்பி வந்ததும் மூன்று பேருமாக டயகமவுக்குத்தான் முதலில் போனோம். அம்மன் வாசலில் மகளை நிறுத்திக் கும்பிட்டேன். இப்போதும் ஆராய்ச்சி செய்கிறேன், ஆனால் விளக்கேற்றிவிட்டுத்தான் அட்டைப் பெட்டியைத் திறக்கிறேன். அந்த ஓர் அட்டையின் அடியில் 'என் மகள்' என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அன்பர்களே, வழி அடைத்துவிட்டது என்று உட்கார்ந்திருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், போய் அவள் முன்னால் நில்லுங்கள். மழைக்கு ஒதுங்கினால்கூடப் பரவாயில்லை, அவள் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு சுளகு தவிட்டை வாங்கிக்கொண்டு ஓர் உயிரைத் தந்தவள் அவள்.