குளிர் கிடங்கிலிருந்து பனிமலைக்கு

குளிர் கிடங்கில் வேலை செய்பவனுக்குக் கைகளைவிடக் கால்கள் முக்கியம். கை விறைத்தால் அக்குளில் வைத்துக்கொள்ளலாம். காலை ஒன்றும் செய்ய முடியாது, அதன் மேல்தான் நிற்க வேண்டும். துபாய் அல் குசைஸில் உறைந்த கோழியும் மீனும் வைக்கும் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கியே என் பாதி வயது கழிந்தது. வேறு வேலை எனக்குத் தெரியாது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனை யாரும் வேறு வேலைக்குக் கூப்பிட்டதும் இல்லை.

உள்ளே எப்போதும் மைனஸ் இருபது. கொஞ்ச நேரம் வேலை, பிறகு வெளியே வந்து வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்து பால் இல்லாத சுலைமானி டீ, மறுபடி உள்ளே. புதிதாக வருபவர்கள் கால் விரல் வலியில் கண் கலங்குவார்கள். பழைய ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: பொறு, கொஞ்ச நேரத்தில் கால் செட் ஆயிடும். உண்மையில் வலி நின்றுவிடும். வெளியே வந்து தேய்த்துக்கொண்டால் உணர்ச்சி திரும்பும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். தரையில் ஐஸ் படிந்திருப்பதால் வழுக்காமல் இருக்க இரண்டு காலுறை போட்டு பூட்ஸை இறுக்கிக் கட்டுவதும் அங்கே வந்த பழக்கம். ஃபோர்மேன் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியா என்று கேட்க, “தமாம்?” என்பார். “தமாம்” என்போம். வேறு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மலைக்குப் போகும் யோசனை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், என் அறையில் மேல் கட்டில். பெருநாள் விடுமுறைக்கு எல்லோரும் ஜார்ஜியாவுக்குப் போய்ப் பனியில் படம் எடுத்துப் போடுவதைப் பார்த்து அவனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் படம் எடுக்க மட்டும் போவதில் அவனுக்கு விருப்பமில்லை, உச்சி வரை ஏற வேண்டும் என்றான். பனியாறு மூடிய மலை, கயிறு கட்டித்தான் போக வேண்டும், கூட்டிப் போக உள்ளூர் ஆள் உண்டு என்று போனில் காட்டினான்.

“நாம வருசம் பூரா மைனஸ் இருபதுல கெடக்கோம் அண்ணாச்சி. அங்க மைனஸ் பத்துதானாம். நமக்கு அது வெயில் காயப் போற மாதிரில்லா.”

சரக்கு சரிபார்க்கும் காக்கா பக்கத்தில் இருந்தார். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்; எங்கள் மூவரில் மூத்தவர். “கதவைத் தொறந்தா இங்கனயே மலைதான். இதுக்கு பாஸ்போர்ட்ல முத்திரை வேற குத்தணுமாக்கும்” என்று கிண்டல் செய்தார். ஆனால் முதலில் பணம் கட்டியவர் அவர்தான்.

நான் ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரும் என்னை எங்கும் கூப்பிட்டதில்லை. விடுமுறை நாட்களில் சத்வாவில் ஒரு டீக்கடை, பிறகு அறை. அவ்வளவுதான். இவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர் என்று எண்ணியபோது மறுக்க மனம் வரவில்லை.

மலையடிவாரத்து ஊரில் வாடகைக்குப் பூட்ஸ் கொடுத்தார்கள். கடைக்காரர் எனக்கு ஒரு அளவு பெரியதை எடுத்து வைத்தார். காலுக்குள் காற்று இருக்க வேண்டும் என்று சைகையில் சொன்னார். எனக்கு அது லொடலொடவென்று பட்டது. கிடங்கில் அப்படி நடந்தால் விழுந்துவிடுவோம். சிறியதை வாங்கினேன், கிடங்குக் காலுறை இரண்டைப் போட்டு இறுக்கினேன். தம்பி என் பூட்ஸைத் தட்டிப் பார்த்து, இதுதான் டியூட்டிக்காரன் கட்டு என்றான். எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மேலே தங்கும் குடிலிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். வழிகாட்டி முன்னால், பிறகு தம்பி, நான், கடைசியில் காக்கா. நான்கு பேரும் ஒரே கயிற்றில். ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லியிருந்தார். பனியில் அங்கங்கே வெடிப்புகள். உள்ளே நீலமாகத் தெரிந்தது, அடி தெரியவில்லை. எனக்குக் குளிர் பயமாக இல்லை. பழகிய குளிர்தான். விரல்கள் வலிக்கத் தொடங்கின. வழிகாட்டி நிற்கும்போதெல்லாம் கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். “ஓகே” என்றேன். பனியாற்றின் மேல் ஒரு சரிவில் வலி நின்றது.

தம்பி திரும்பிப் பார்த்தான். “கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“செட் ஆயிடுச்சு” என்றேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவனும் சிரித்துத் தலையாட்டினான். பின்னால் காக்கா, தனக்கு இன்னும் வலிக்கிறது, நீங்க கொடுத்து வைத்தவர் என்றார். எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, இந்த மலையில் வெளியே போய்த் தேய்த்துக்கொள்ள ஓர் அறை இல்லை என்று.

உச்சியில் மேகம். எதுவும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மேடு, நான்கு பேர், காற்று. இதற்காகவா வந்தோம் என்று நினைத்தேன். தம்பி மட்டும் அழுதான்.

குடிலுக்கு இறங்கி பூட்ஸைக் கழற்றியபோது என் விரல்கள் மெழுகு போல இருந்தன. நகத்தால் கீறினேன், யாருடைய காலையோ கீறுவது போல இருந்தது. வழிகாட்டி அதைப் பார்த்ததும் தண்ணீர் சூடாக்க ஓடினார். துபாய் வருவதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன. கொஞ்ச நாளில் வலது காலில் எல்லா விரல்களையும் இடது காலில் பெருவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறும் வரை ஃபோர்மேன் காத்திருந்தார். நல்ல மனிதர், பெஷாவர்காரர். ஆபீஸில் எனக்காகப் பேசியிருக்கிறார். ஒருநாள் உள்ளே போய் ஒரு பேலட் பலகை நிறையப் பெட்டி மட்டும் அடுக்கிக் காட்டு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தம்பி வேண்டுமென்றே சின்னப் பெட்டிகளாகப் பொறுக்கி எடுத்து வந்து வைத்தான். விரல் இல்லாத பாதம் தரையைப் பிடிப்பதில்லை. குனியும்போது உடம்பு முன்னால் போய்விடுகிறது. மூன்றாவது பெட்டியோடு விழுந்தேன். குளிர் தழும்பில் ஏறியதும் எழுந்திருக்க முடியவில்லை. காக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

ஃபோர்மேன் என்னைப் பார்க்காமல் சொன்னார். “கலாஸ், பாய். கர் ஜாவ்.” முடிந்தது, வீட்டுக்குப் போ.

தேராவில் தெரிந்த கடைகளிலெல்லாம் காக்கா எனக்காகக் கேட்டுப் பார்த்தார். நிற்கிற வேலைதான் எல்லா இடத்திலும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் கணக்கோ இங்கிலீஷோ தெரிந்திருக்க வேண்டும். விசா கேன்சலில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அறையில் இப்போது மலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தம்பி டியூட்டி முடிந்து வந்ததும் மேல் கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது இருக்கலாம்.

காலில் அடி என்று மட்டும்தான் வீட்டுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை டிக்கெட் என்று சொன்னதும் மனைவியின் குரலே மாறிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு, ஒவ்வொரு முறையும் கேட்பதைப் போலவே கேட்டாள்.

“எத்தனை நாள் லீவு?”

லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி அடிக்கிறாள். போன் கட்டிலில் கிடந்து அதிர்ந்துகொண்டிருக்கிறது.