சிநேகிதிக்காகச் சொன்ன பாவம்

எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சமூகக் கல்வியையும் கத்தோலிக்க சமயத்தையும் ஒரே சிஸ்டர்தான் படிப்பித்தார். இரண்டுக்கும் ஒரே பிரம்பு, ஒரே ஆணி. முதல் பாடத்துக்கு அந்த ஆணியில் பலஸ்தீனத் தேசப்படம் தொங்கும். மணியடித்ததும் அதைக் கழற்றி இலங்கைப் படத்தை மாட்டுவார். யோர்தானும் மகாவலியும் எங்களுக்கு ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது; ரெயிலும் நின்றுபோன காலம், போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஆனாலும் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நீலப் பென்சிலால் கீறுவோம்.

சமய பாடத்துக்குச் சைவப் பிள்ளைகள் வேறு அறைக்குப் போவது வழக்கம். ஆறாம் ஆண்டில் அவர்களுடைய ரீச்சர் இடம்பெயர்ந்து போய்விட்டதால், எங்கள் வகுப்பிலேயே கடைசி வாங்கில் அமர்ந்து படம் கீறச் சொல்லிவிட்டார்கள். அங்கே இருந்தவள்தான் என் சிநேகிதி. கோப்பாயிலிருந்து அண்ணனுடைய சைக்கிளில் வருபவள். குனிந்து கீறிக்கொண்டே பாடம் முழுவதையும் கேட்டுவிடுவாள். பத்துக் கட்டளைகளை என்னைவிட வேகமாகச் சொல்வாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

மாதாமாதம் முதல் வெள்ளிக்கு முந்திய நாள் நாங்கள் வரிசையாகச் சிற்றாலயத்துக்குப் போய், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். என்னிடம் மூன்றே பாவங்கள் இருந்தன: தங்கச்சியோடு சண்டை, செபத்தில் பராக்கு, சீனிப் போத்தலுக்குள் விரல் விட்டது. சீனியே கிடைக்காமல் போன பிறகும் மூன்றாவதைப் பழக்கதோஷத்தில் சொல்லிவந்தேன்.

ஒரு கிழமை அவள் பஸ்ஸில் வந்தாள். வியாழக்கிழமை இடைவேளையில் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவாமியார் கேட்ட பாவத்தை உண்மையாகவே ஒருவருக்கும் சொல்லமாட்டாரா என்று விசாரித்தாள். உயிர் போனாலும் சொல்லமாட்டார் என்றேன்.

"எனக்கும் ஒரு பாவம் இருக்கு. நான் உங்களை மாதிரி வேதக்காரி இல்லையே, நீ சொல்லிவிடுறியே?"

அவளுடைய அண்ணன் இயக்கத்துக்குப் போய்விட்டான். போகும்போது, உடுப்பிட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் படிக்கப் போனதாக அம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறான். அவள் அப்படியே சொல்லிவிட்டாள். அண்ணன் போனது எங்களுக்கு வீரமாகத்தான் பட்டது. பொய் மட்டும்தான் பாவம். உண்மையைச் சொல்லப்போனால், ஒரு புதுப் பாவம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

முழங்காலில் நின்று, என் பாவமாகவே அதைச் சொன்னேன். வழக்கமாகப் பாதித் தூக்கத்தில் கேட்கும் சுவாமியார் நிமிர்ந்து இருந்தார்.

"எத்தினை நாள் பிள்ளை?"

"நாலு நாள் சுவாமி."

"செபம் ஒண்டும் வேண்டாம். இண்டைக்கே போய் அம்மாட்டை உள்ளதைச் சொல்லு. உதுதான் உனக்குப் பரிகாரம். நாளைக்கு எண்டு விடாதை."

வெளியே மாதா சிலை வைத்த கெபியடியில் அவள் காத்துக்கொண்டு நின்றாள். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. அம்மாவிடம் சொன்னால் அவளுக்குத் தோல் உரியும் என்று நினைத்தேன். எனக்குத் தரும் வழக்கமான பரிகாரத்தையே அவளுக்கும் கொடுத்துவிட்டேன்.

"மூண்டு அருள் நிறைந்த மரியே சொல்லட்டாம்."

வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வகுப்பில் எவரும் அந்தச் செபத்தை அவ்வளவு பக்தியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முடித்ததும், பாவம் போய்விட்டதா என்று கேட்டாள். ஓம் என்றேன். அடுத்த பாடத்தில் அவள் கீறிய இலங்கைப் படத்துக்கு சிஸ்டர் 'மிக நன்று' போட்டார். அவள் அந்தக் கிழமையிலேயே முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை உடுப்பிட்டிப் பெரியம்மாவே கோப்பாய்க்கு வந்தபோதுதான் அவளுடைய அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கே ஓடிப்போய் இயக்கத்தின் முகாம் வாசலில் நின்றிருக்கிறார். பிள்ளையை இரண்டு நாளைக்கு முன்னர்தான் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அவன் பிறகு வரவேயில்லை.

முதல் சில நாட்களுக்குள் போய் வாசலில் கிடந்து அழுத தாய்மார் சிலர் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுவாமியாருக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவரால் வெளியே போய்ச் சொல்ல முடியாது, என்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு சின்னப் பொய்க்கு ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்றுதான் நான் அன்றைக்கு யோசித்தேன்.