சக்கரக் கல்

இன்று காலை அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்த பிறகு கல் அள்ளப் போனேன். காலடியில் சக்கரம் போல் சுருண்ட கல் ஒன்று, வெடிமருந்து வாடையோடு கிடந்தது.

எங்கள் வீட்டுச் சாமி மாடத்திலும் அப்படி ஒரு கல் இருந்தது. பெருமாள் கைச் சக்கரம் என்று அப்பா தினமும் அதற்குச் சந்தனம் வைப்பார். அப்போது எனக்கு ஏழு வயது. எட்டாவது படித்த அண்ணன் ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னான்.

"இது கடல் நத்தை பாப்பா. இங்க முன்ன கடல் கெடந்துச்சு. மனுசனே கொரங்குலேர்ந்துதான் வந்தான்."

நான் அதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மண்வெட்டிக் காம்பை உருவினார்.

"உங்கப்பன் கொரங்காடா?"

முதல் அடி அண்ணன் முதுகில் விழுந்தது. அடுத்தது வாயில்.

"சாமி படைச்சதுன்னு சொல்லு, வுட்டுர்றேன்."

"சொல்லித் தொலையேன்டா," என்று அம்மா கத்தினாள்.

அண்ணன் ரத்தத்தைத் துப்பினான். "நத்தைதாம்ப்பா."

மூன்றாவது அடி இடது காதில். அப்படியே சாய்ந்துவிட்டான். அந்தக் காது அதன் பிறகு கேட்கவில்லை. மறுநாள் காலையும் அப்பா கல்லுக்குச் சந்தனம் வைத்தார்.

காலடியில் கிடந்ததைத் தூக்கி லாரியில் போட்டேன்.

அப்பாவிடம் யார் போய்ச் சொன்னது என்று அண்ணன் இதுவரை கேட்டதில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் நான் வலப்பக்கமாக உட்கார்ந்துதான் பேசுகிறேன்.